கவராயமா, திரையா, மடித்த தாளா? கேத்திரகணித அமைப்புகளை எதில் பழகுவது

தரம் 9இல் ஒழுக்குகளும் (ஒரு நிபந்தனைப்படி நகரும் புள்ளியின் தடங்கள்) அமைப்புகளும் தொடங்கிய கையோடு பெற்றோர் கேட்கும் கேள்வி இது. பிள்ளையிடம் கொம்பாஸ் பெட்டி இருக்கிறது. வீட்டில் ஒரு மடிக்கணினியோ, குறைந்தது ஒரு கைபேசியோ இருக்கிறது. கேத்திரகணித உருவங்களை வரையும் ஜியோஜீப்ரா என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. தாளை மடித்தே கோணத்தை இருகூறிடலாம் என்று உறவுக்காரர் யாராவது காணொளியும் அனுப்பியிருப்பார். மூன்றையும் செய்யட்டும் என்று சொல்லிவிடலாம். ஆனால் பாடசாலை விட்டு, காலி வீதி நெரிசலில் வந்து, முகம் கழுவி, ரியூஷனுக்கு ஓடி, இரவில் கொப்பியைத் திறக்கும் வெள்ளவத்தைப் பிள்ளைக்கோ கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கோ அமைப்புக்கென்று வாரத்தில் ஒரு மணித்தியாலம் கிடைத்தாலே பெரிது. அந்த ஒரு மணித்தியாலத்தை எதில் போடுவது?

என் தெரிவை முதலே சொல்லிவிடுகிறேன். கவராயத்தில் போடுங்கள். திரையை அதற்குப் பிறகு, அதற்கே உரிய ஒரு வேலைக்காகக் கொண்டு வாருங்கள். தாள் மடிப்பு இரண்டு பேருக்கு நல்லது: ஆறாம் ஏழாம் தரத்துச் சின்னவர்களுக்கு ஆரம்பமாக, கவராயத்தால் முடியாத ஒன்றைக் காண ஆசைப்படும் பெரிய பிள்ளைகளுக்கு விருந்தாக. ஏன் இந்த ஒழுங்கு என்பது, ஒரே முக்கோணியை மூன்று வழியிலும் அமைத்துப் பார்த்தால் விளங்கும்.

முக்கோணி இதுதான். உச்சிகள் க, ச, த. கச 7 செ.மீ., சத 6 செ.மீ., உச்சி ச-இல் கோணம் 60°. இதை அமைத்து, மூன்று உச்சிகளினூடாகவும் போகும் சுற்றுவட்டத்தையும், மூன்று பக்கங்களையும் உள்ளிருந்து தொடும் உள்வட்டத்தையும் வரைய வேண்டும். சரிபார்ப்பதற்கு விடைகளைக் கணித்து வைத்துக்கொள்வோம்: மூன்றாம் பக்கம் கத ஏறத்தாழ 6.6 செ.மீ., சுற்றுவட்டத்தின் ஆரை 3.8 செ.மீ., உள்வட்டத்தின் ஆரை 1.9 செ.மீ.

விதிகளையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். கி.மு. 300 அளவில் யூக்கிளிட்டு வகுத்த ஒழுங்கில் அனுமதி இரண்டே செயல்களுக்குத்தான். இரண்டு புள்ளிகளினூடாக நேர்கோடு வரையலாம். ஒரு புள்ளியை மையமாகவும் இன்னொன்றைப் பரிதியிலும் வைத்து வட்டம் வரையலாம். கோடும் கோடும், கோடும் வட்டமும், வட்டமும் வட்டமும் வெட்டுமிடங்களில் பிறக்கும் புள்ளிகளைக் கொண்டு மேலே போக வேண்டும். அவருடைய நேர்விளிம்பில் அளவுக் குறிகள் இல்லை. நமது க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை இதில் கொஞ்சம் தாராளம்: சென்ரிமீற்றர், மில்லிமீற்றர் குறித்த அளவுகோலைப் பயன்படுத்தலாம். ஆகவே 7 செ.மீ. என்று அளந்து வெட்டலாம், ஆனால் 60° என்று பாகைமானியால் அளக்கக் கூடாது. அமைப்புக் கோடுகளைத் தெளிவாகக் காட்டுமாறு வினாவிலேயே கேட்டிருப்பார்கள். இரண்டாம் வினாத்தாளின் ஆ பகுதியில் ஆறு வினாக்களில் ஐந்துக்கு விடை எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளிகள். அமைப்பு வினாவுக்குப் பயந்து அதை ஒதுக்குகிற பிள்ளைக்கு மீதி ஐந்தும் கட்டாயமாகிவிடுகின்றன, தெரிவு செய்ய எதுவும் மிஞ்சாது.

பாகைமானியையும் மூலைமட்டத்தையும் பற்றி ஒரே வார்த்தை: தச்சு வேலைக்கும் படவரைஞருக்கும் அவை அருமையான கருவிகள், இந்தப் பாடத்தில் அவற்றுக்கு இடமில்லை. வரைந்து முடித்தபின் விடையைச் சோதிக்கப் பாகைமானியை வைத்துப் பார்க்கலாம், அவ்வளவே.

கவராயம்

முதலில் கோடு சக. ச-ஐ மையமாக வைத்து வசதியான ஓர் ஆரையில் வில் வரைந்து, அது கோட்டை வெட்டுமிடத்திலிருந்து அதே ஆரையில் இன்னொரு வில்லைப் போட்டு, இரண்டும் சந்திக்கும் புள்ளியை ச-உடன் இணைத்தால் 60°. பிள்ளையிடம் இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஏன் 60? கவராயத்தை இடையில் அசைக்கவே இல்லை, ஆகவே மூன்று நீளங்களும் சமம், ஆகவே சமபக்க முக்கோணி. இந்தப் பதில் பிள்ளையின் வாயிலிருந்து வந்துவிட்டால் பாடத்தின் பாதி முடிந்தது.

கவராயத்தை நான் முன்வைப்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. கவராயத்தின் விரிவை மாற்றாமல் போடும் ஒவ்வொரு வில்லும் "இந்த இரண்டு நீளமும் சமம்" என்ற கூற்று. கோணத்தை இருகூறிடும்போது உச்சியிலிருந்து ஒரு வில், அது வெட்டிய இரண்டு புள்ளிகளிலிருந்தும் சம ஆரையில் இரண்டு விற்கள். உச்சியையும் அவை சந்திக்கும் புள்ளியையும் இணைத்ததும் இரண்டு முக்கோணிகள் கிடைக்கின்றன; இரண்டு சோடிப் பக்கங்கள் சமம், ஒரு பக்கம் பொது. ப.ப.ப. (பக்கம், பக்கம், பக்கம்) ஒருங்கிசைவு. எனவே கோணங்கள் சமம். நிறுவலில் எழுத வேண்டிய மூன்று வரிகளும் தாளில் விற்களாக ஏற்கெனவே கிடக்கின்றன. பரீட்சையில் விற்களை அழிக்க வேண்டாம் என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான். அழிறப்பரால் விற்களைத் துடைத்துவிட்டுச் சுத்தமான படத்தை மட்டும் கொடுத்தால், அந்தப் பிள்ளை பாகைமானியால் வரைந்ததா கவராயத்தால் வரைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

இனிச் சுற்றுவட்டம். பக்கங்களின் செங்குத்து இருகூறாக்கிகள் சந்திக்குமிடமே மையம். "பாதியைவிடக் கூடிய ஆரை எடு" என்றுதான் எல்லோரும் சொல்லிக் கொடுக்கிறோம். பிழையில்லை, ஆனால் போதாது. 7 செ.மீ. பக்கத்துக்கு 3.7 செ.மீ. ஆரை எடுத்தால் மேலும் கீழும் விழும் இரண்டு வெட்டுப்புள்ளிகளுக்கும் இடைத்தூரம் வெறும் 2.4 செ.மீ. அந்தக் குறுகிய இடைவெளியில் அரை மில்லிமீற்றர் பிசகினாலும், கோட்டை 12 செ.மீ. நீட்டும்போது பிசகு இரண்டரை மில்லிமீற்றர் ஆகிவிடும். மூன்று இருகூறாக்கிகளும் ஒரே புள்ளியில் சந்திக்காமல் நடுவில் ஒரு குட்டி முக்கோணியை உண்டாக்கும். மறுபக்கம், ஆரையை மிகப் பெரிதாக எடுத்தால் விற்கள் சாய்வாக உரசிக்கொண்டு வெட்டும்; எந்த இடம் புள்ளி என்று கண்ணுக்குப் பிடிபடாது. பக்கத்தின் நீளத்தில் 0.7 பங்கு எடுத்தால் விற்கள் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் வெட்டும். 7 செ.மீ.க்கு அது ஏறத்தாழ 5 செ.மீ.; வெட்டுப்புள்ளிகளின் இடைத்தூரமும் 7 செ.மீ.க்கு மேல் வந்துவிடும்.

நம் முக்கோணியில் இன்னும் ஒரு வசதி. 7, 6, 6.6 என்று பக்கங்கள் கிட்டக்கிட்ட இருப்பதால் 5 செ.மீ. என்ற ஒரே ஆரை மூன்றுக்கும் பொருந்தும். கவராயத்தை ஒருமுறை விரித்து, க, ச, த மூன்றிலும் குத்தி, தேவையான விற்களை எல்லாம் ஒரே மூச்சில் போட்டுவிடலாம். இரண்டு இருகூறாக்கிகளே மையத்துக்குப் போதும்; மூன்றாவதை வரைவது சோதனைக்காக. அதுவும் அதே புள்ளியினூடு போனால் மனம் நிறைவாக அடுத்த பகுதிக்குப் போகலாம்.

உள்வட்டத்தில் பிள்ளைகள் தவறும் இடம் எப்போதும் ஒன்றே. இரண்டு கோண இருகூறாக்கிகள் சந்திக்கும் மையத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பிறகு கவராயத்தை அந்த மையத்தில் குத்தி, பென்சில் பக்கத்தைத் தொடும்வரை கண்மதிப்பாக விரிப்பார்கள். வட்டம் ஒரு பக்கத்தைத் தொடும், இன்னொன்றை வெட்டும். மையத்திலிருந்து ஒரு பக்கத்துக்குச் செங்குத்து அமைத்து, அதன் அடிவரைக்கும் உள்ள தூரத்தையே ஆரையாக எடுக்க வேண்டும். தொடலியும் தொடுபுள்ளிக்கான ஆரையும் செங்குத்து என்ற தேற்றம் இங்கே ஒரு படியாக உட்கார்ந்திருக்கிறது. அந்தப் படியை விட்டால் தேற்றத்தையும் விட்டமாதிரி.

ஒரே அமைப்புக்குப் பல வழிகள் இருக்கும்போது எதைப் பழக்குவது என்பதும் ஒரு தெரிவுதான். வெளியே உள்ள ஒரு புள்ளியினூடாக ஒரு கோட்டுக்குச் சமாந்தரம் அமைப்பதை எடுங்கள். ஒத்த கோணத்தைப் பிரதிசெய்யும் வழி உண்டு. அதற்குக் கவராயத்தை இரண்டு அளவுகளில் விரிக்க வேண்டும். செங்குத்துக்கு மேல் செங்குத்து அமைக்கும் வழி உண்டு. விற்கள் பெருகிப் படம் காடாகிவிடும். மூன்றாவது சாய்சதுர வழி. கோட்டில் விருப்பமான ஒரு புள்ளியை எடுத்து, அங்கிருந்து தரப்பட்ட புள்ளிவரைக்கும் கவராயத்தை விரித்து, அதே ஆரையில் கோட்டில் ஒரு வெட்டு. அதே ஆரையில் அந்த வெட்டிலிருந்து ஒரு வில், தரப்பட்ட புள்ளியிலிருந்து ஒரு வில். நாலு பக்கமும் சமம், ஆகவே சாய்சதுரம், ஆகவே எதிர்ப்பக்கங்கள் சமாந்தரம். ஒரே விரிவு, மூன்று விற்கள், ஒரு வரி நிறுவல். எனக்கு இதில் தயக்கமே இல்லை: பிள்ளை முதலில் சாய்சதுர வழியைப் பழகட்டும். ஒத்த கோண வழி பிறகு வரலாம்.

வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து தொடலிகள் அமைப்பதும் இப்படியே. மையத்தையும் அந்தப் புள்ளியையும் இணைத்து, அந்தக் கோட்டையே விட்டமாகக் கொண்டு இன்னொரு வட்டம். இரண்டு வட்டங்களும் வெட்டும் இரண்டு புள்ளிகளே தொடுபுள்ளிகள். அரைவட்டக் கோணம் செங்கோணம் என்பதைத் தேற்றமாக மனப்பாடம் செய்த பிள்ளை, அது ஒரு வேலைக்கு உதவுவதை முதன்முறை பார்ப்பது பெரும்பாலும் இங்கேதான். அந்த முகமலர்ச்சிக்காகவே இந்த அமைப்பை நான் அவசரப்படாமல் சொல்லிக் கொடுப்பேன்.

கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். புறக்கோட்டையில் வாங்கினாலும் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கினாலும், விலையைவிட மூட்டைப் பாருங்கள். இரண்டு கால்களையும் விரித்து மேசையில் குத்தி, ஒரு முழுச்சுற்றுச் சுற்றுங்கள். வில் தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்தால் வாங்கலாம்; முடியாவிட்டால் எவ்வளவு பளபளப்பானாலும் வேண்டாம். சொருகும் பென்சில் குட்டையாக, கூராக இருக்க வேண்டும். எழுதும் நீளப் பென்சிலை அப்படியே சொருகினால் மேற்பாரத்தில் கால் விலகும். பென்சில் முனையும் ஊசிமுனையும், கால்களை மூடும்போது ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். கடலோரமாக இருக்கும் வீடுகளில் உப்புக்காற்றுக்கு மூட்டு துருப்பிடித்து இறுகும், இல்லாவிட்டால் திருகு தளர்ந்துபோகும். மாதம் ஒருமுறை துடைத்துத் திருகை இறுக்கினால் போதும். வரையும்போது தாளுக்குக் கீழே பழைய கொப்பி ஒன்றை வைத்தால் ஊசி வழுக்காது. கை நடுங்கும் பிள்ளைகள் கவராயத்தைச் சுற்றுவதற்குப் பதிலாக, அதை அசையாமல் பிடித்துக்கொண்டு தாளைச் சுற்றலாம். வில் நன்றாகவே வரும்.

கவராயத்தின் குறை என்ன? ஒரு முக்கோணிக்கு ஒரு படம். ச-இல் உள்ள கோணம் 60° இல்லாமல் 120° ஆக இருந்தால் சுற்றுவட்ட மையம் எங்கே போகும் என்று பார்க்க, எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டும். களைத்த பிள்ளை அதைச் செய்யாது. திரைக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது.

திரை

ஜியோஜீப்ராவை மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்ற ஒஸ்திரியர் 2001இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தார். கணினியில் ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். நம் முக்கோணியை அதில் அமைப்பது சில நிமிட வேலை. சுற்றுவட்ட ஆரை 3.79 என்று காட்டும். பென்சில் தடிப்பு இல்லை, ஊசி வழுக்காது.

அதன் உண்மையான பலம் நேர்த்தியில் இல்லை. இழுத்துப் பார்க்க முடிவதில் இருக்கிறது. உச்சி ச-ஐப் பிடித்து இழுங்கள். முக்கோணி மாற மாற, இருகூறாக்கிகளும் மையமும் வட்டமும் கூடவே நகரும். கோணம் விரிகோணமாகும் கணத்தில் மையம் பக்கத்தைத் தாண்டி வெளியே போகும். செங்கோணத்தில் சரியாகப் பக்கத்தின் நடுவில் நிற்கும். இதை வாயால் எத்தனை தரம் சொன்னாலும் ஒருமுறை கண்ணால் கண்டதற்கு ஈடாகாது. இழுப்பது கள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். பிள்ளை மையத்தைக் கண்மதிப்பாக வைத்து வட்டம் வரைந்திருந்தால், உச்சியை அசைத்ததுமே வட்டம் விலகி நிற்கும். உண்மையில் அமைத்திருந்தால் எவ்வளவு இழுத்தாலும் குலையாது. அமைத்ததற்கும் வரைந்து வைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட நன்றாகக் கற்பிக்கும் எதையும் நான் கண்டதில்லை.

கொழும்புப் பிள்ளைக்கு இன்னொரு பயிற்சி சொல்வேன். நகரப் படமொன்றைத் திரையில் போட்டு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை மூன்று புகையிரத நிலையங்களையும் புள்ளிகளாகக் குறித்து, மூன்றிலிருந்தும் சம தூரத்தில் உள்ள இடத்தைக் காணச் சொல்லுங்கள். பாதை கடற்கரையை ஒட்டிக் கிட்டத்தட்ட நேராகப் போவதால் இரண்டு இருகூறாக்கிகளும் ஏறத்தாழச் சமாந்தரமாக ஓடும். அவை சந்திக்குமிடம் படத்தைத் தாண்டி எங்கேயோ இருக்கும். பிறகு வெள்ளவத்தையை எடுத்துவிட்டு மருதானையை வைக்கட்டும். மையம் நகருக்குப் பக்கத்தில் ஓடிவரும். மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் இருந்தால் சுற்றுவட்டம் இல்லை என்ற ஒரு வரிக்கு இப்படி ஓர் உயிர் கிடைக்கிறது. தாளில் இதைச் செய்யத் தாளின் அகலம் போதாது.

ஒழுக்கும் அப்படியே. ஒரு புள்ளி நகரும்போது இன்னொன்று விட்டுச்செல்லும் தடத்தைத் திரை வரைந்தே காட்டும். இரண்டு புள்ளிகளிலிருந்து சம தூரம், இரண்டு வெட்டும் கோடுகளிலிருந்து சம தூரம் என்ற அடிப்படை ஒழுக்குகளைத் தாளில் செய்தபின், தடத்தைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தால் மனதில் பதியும்.

ஆனால் திரையை முதலில் கொடுப்பதில் எனக்குப் பெரிய தயக்கம் உண்டு. கோண இருகூறாக்கிக்கு அங்கே ஒரு பொத்தான் இருக்கிறது. செங்குத்துக்கு ஒன்று, சமாந்தரத்துக்கு ஒன்று, தொடலிக்கு ஒன்று. ஏன் அது இருகூறாகிறது என்ற கேள்வி எழவே இடமில்லாமல் விடை வந்து நிற்கும். நல்ல வேளையாக இதற்கு மருந்து மென்பொருளிலேயே இருக்கிறது: கருவிப்பட்டையைத் தேவைக்கேற்ப மாற்றி அமைக்கலாம். புள்ளி, கோடு, வட்டம், வெட்டுப்புள்ளி நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுங்கள். அப்போது திரையும் யூக்கிளிட்டின் விதிக்குக் கட்டுப்படும். அமைப்பின் படிகளை வரிசையாகக் காட்டும் வசதியும் உண்டு. பிள்ளை எங்கே வழிதவறியது என்பதைப் படிபடியாக ஓட்டிப் பார்க்கலாம். யூக்லிடியா என்ற செயலி இன்னொரு வழி: குறைந்த படிகளில் அமைப்பவருக்கு நட்சத்திரம் தரும் விளையாட்டு. பஸ்ஸில் போகும்போது கைபேசியில் வேறெதையும் பார்ப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

கை பழகுவது வேறு விடயம். திரையில் வட்டம் வரைய விரல் நுனி போதும். பரீட்சை மண்டபத்தில் ஊசியைக் குத்தி, தாள் கிழியாமல், விரிவு மாறாமல் சுற்ற வேண்டும். அதைத் திரை கற்றுத்தராது. நம் நாட்டு நிலைமையையும் மறக்க முடியாது. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. அதே மாதக் கடைசியில் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. தாளும் மின்சாரமும் எப்போதும் கையில் இருக்கும் என்று நம்பி ஒன்றில் மட்டும் பிள்ளையைப் பழக்குவது புத்தியல்ல.

மடித்த தாள்

நம் முக்கோணியைத் தாளில் வரைந்து கத்தரித்து எடுங்கள். க என்ற உச்சியை ச-இன் மேல் சரியாகப் பொருத்தி மடித்து விரித்தால், விழும் தழும்பே கச-இன் செங்குத்து இருகூறாக்கி. இப்படி மூன்று பக்கங்களுக்கும் செய்தால் மூன்று தழும்புகளும் ஒரு புள்ளியில் கூடும். இன்னொரு பிரதியை எடுத்து, பக்கத்தைப் பக்கத்தின்மேல் மடித்தால் கோண இருகூறாக்கிகள், அவையும் கூடும். ஒருசில நிமிடத்தில் இரண்டு மையங்களும் கையில். மடிப்பு என்றால் சமச்சீர் அச்சு, வேறொன்றும் இல்லை. ஒரு புள்ளி தன் இணையின்மேல் விழுகிறதென்றால் மடிப்புக்கோடு இரண்டுக்கும் சம தூரத்தில்தான் இருக்க முடியும். தரம் 6, 7 பிள்ளைகளுக்கு ப.ப.ப. தெரியாது, ஆனால் இது தெரியும். ஊசிமுனையைக் கையில் கொடுக்கப் பயப்படும் வயதுக்கும், பார்வை குறைந்து தொட்டுணர்ந்து படிக்கும் பிள்ளைக்கும் தாள்தான் முதல் கருவி. தழும்பை விரலால் தடவிக் காணலாம்.

வட்டம் மட்டும் வராது. மையம் கிடைக்கும், ஆரை கிடைக்கும், பரிதியை மடிக்க முடியாது. பரீட்சையிலும் மடிப்புக்கு இடமில்லை. ஆகவே தரம் 10, 11இல் வாராந்த நேரத்தை இதற்குக் கொடுக்க நான் சொல்லமாட்டேன்.

இருந்தாலும் இந்த வழியை விளையாட்டென்று ஒதுக்குவது பெரும் பிழை. 1893இல் சென்னையில் டி. சுந்தர ராவ் தாள் மடிப்பால் கேத்திரகணிதம் கற்பிக்கும் நூலொன்றை வெளியிட்டார். ஜேர்மன் கணிதவியலாளர் பீலிக்ஸ் கிளைன் அதைத் தன் எழுத்தில் எடுத்துச் சொன்னதால் உலகம் முழுவதும் அறியப்பட்டது. நம் பக்கத்து ஊரில் எழுதப்பட்ட ஒன்று என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. பிறகு 1936இல் இத்தாலியின் மார்கரீட்டா பெலோக் ஒரு புதிய மடிப்பைக் கண்டார்: இரண்டு புள்ளிகளை ஒரே நேரத்தில் இரண்டு கோடுகளின்மேல் விழவைக்கும் மடிப்பு. அந்த ஒரு மடிப்பால் முப்படிச் சமன்பாடுகளைத் தீர்க்கலாம். கவராயத்தாலும் நேர்விளிம்பாலும் எட்டக்கூடியது வர்க்கமூலங்கள் வரைக்கும்தான்.

அதனால்தான் கோணத்தை மூன்று சம கூறாக்குவது கவராயத்துக்கு முடியாத வேலை. 1837இல் பிரான்சின் பியர் வான்ட்செல் அதை நிறுவினார். எல்லாக் கோணத்துக்கும் முடியாது என்பதில்லை, 90° ஐ மூன்றாக்கலாம், 30° நமக்குத் தெரியும். 60° ஐ முடியாது; 20° கோணத்தைக் கவராயம் தராது, ஒழுங்கான ஒன்பதுகோணியும் வராது. ஆனால் ஒழுங்கான பதினேழுகோணியைத் தரும். 1796இல் கவுஸ் அதைக் கண்டபோது அவருக்குப் பத்தொன்பது வயதுகூட நிரம்பவில்லை.

கோணத்தை மூன்று சம கூறாக மடித்துப் பார்க்க விரும்பும் பிள்ளைக்கு வழி இது. ஜப்பானியர் ஹிசாஷி அபே கண்டது. சதுரத் தாள் ஒன்றின் இடக்கீழ் மூலையில் கோணம், கீழ்விளிம்பு அதன் ஒரு புயம். கீழ்விளிம்புக்குச் சமாந்தரமாக ஒரு மடிப்பு. கீழ்விளிம்பை அந்த மடிப்பின்மேல் பொருத்தி நடுவில் இன்னொரு மடிப்பு. இப்போது மூலை கீழ் மடிப்பின்மேலும், மேல் மடிப்பின் இடது முனை கோணத்தின் மற்றப் புயத்தின்மேலும் ஒரே நேரத்தில் விழும்படி தாளை வளைத்துச் சரிசெய்து மடியுங்கள். மூலை விழுந்த இடத்தைக் குறித்து, விரித்து, அதைப் பழைய மூலையுடன் இணைத்தால் கீழ்விளிம்போடு அது ஆக்கும் கோணம் தரப்பட்ட கோணத்தின் மூன்றிலொன்று.

திரை இங்கே ஏமாற்றக்கூடியது. ஜியோஜீப்ராவில் 20° என்று எண்ணைக் கொடுத்தால் வரைந்துவிடும். பிள்ளை அதையும் அமைப்பு என்று எண்ணிக்கொள்ளும். அது தசமதானங்களாகக் கணித்து வைத்த ஓர் எண், கண்ணுக்கு மிக நெருக்கம், அமைப்பு அல்ல. இந்த வேறுபாட்டைப் பேசுவதற்குக் கவராயத்தில் ஊறிய பிள்ளைதான் வேண்டும். முடியாததை முடியாது என்று உணர்வதற்கும், முடிந்ததில் கை பழகியிருக்க வேண்டும்.

யாருக்கு எது

பரீட்சைக்கு மூன்று மாதத்துக்குள் இருக்கிற பிள்ளைக்குக் கவராயம் மட்டும். 60°, 90°, இவற்றிலிருந்து 30°, 45°, 75°, 120°, செங்குத்து இருகூறாக்கி, சமாந்தரம், சுற்றுவட்டம், உள்வட்டம், வெளிவட்டம், தொடலி. இவை கை தானாகப் போடும் அளவுக்கு வர வேண்டும். கடந்தகால வினாத்தாள்களில் அமைப்பு வினாவை மட்டும் எடுத்து, வாரம் இரண்டு வீதம், நேரம் வைத்துச் செய்யட்டும். ஒவ்வொரு வினாவின் இறுதியிலும் "ஏன் சமம்?" என்ற கேள்விக்கு வாயால் பதில் சொல்லட்டும், காரணம் கேட்கும் சிறு பகுதிகளுக்கும் அதுவே பயிற்சி.

தரம் 9, 10இல் இருக்கிற பிள்ளைக்கு நாலு வாரத்தில் மூன்று வாரம் கவராயம், ஒரு வாரம் திரை. திரைக்குப் போகும் வாரத்தில், தாளில் ஏற்கெனவே செய்து முடித்த அமைப்பையே நான்கு கருவிகளோடு மறுபடி செய்து இழுத்துப் பார்க்கட்டும். புதிய அமைப்பைத் திரையில் தொடங்க வேண்டாம்.

கவராயத்தை வெறுக்கிற பிள்ளை ஒருவகை உண்டு. அவர்களில் பலருக்குக் கணிதத்தில் குறையில்லை, கருவியில்தான் குறை. தளர்ந்த மூட்டுள்ள கவராயத்தால் வட்டம் மூடாமல் போக, தனக்கு வராது என்று முடிவுகட்டிவிடுவார்கள். முதலில் கருவியை மாற்றிப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் ஒரு மாதம் திரையில் தொடங்குவதை நான் ஒத்துக்கொள்வேன், ஒழுங்கை மீறுவது இந்த ஓர் இடத்தில் மட்டும்.

கெட்டிக்காரப் பிள்ளைக்கும், உயர்தரத்தில் கணிதம் எடுக்கப்போகிறவருக்கும் மடிப்பையும் கொடுங்கள், அதோடு இன்னொன்றையும். நேர்விளிம்பே இல்லாமல் கவராயத்தால் மட்டும் ஒரு கோட்டுத்துண்டின் நடுப்புள்ளியைக் காணச் சொல்லுங்கள். யூக்கிளிட்டின் அமைப்புகளில் கிடைக்கும் புள்ளிகள் எல்லாவற்றையும் கவராயம் மட்டுமே தரும் என்று டென்மார்க்கின் ஜோர்ஜ் மோர் 1672இலும், அதை அறியாமலே இத்தாலியின் மஸ்கெரோனி 1797இலும் காட்டினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் முழுவதும் அதற்குப் போனாலும் பரவாயில்லை.

பரீட்சைக்குப் புதுக் கவராயம் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வேண்டாம். பழகிய கவராயத்தையே கொண்டு போகட்டும். முதல்நாள் இரவு அதன் திருகை இறுக்கி, குட்டைப் பென்சில் இரண்டைச் சீவிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.